ஓ ஹேப்பி டே: ஒரு பழைய காஸ்பெல் சோல் பாட்டைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி?

யூடியூபில் ‘ஓ ஹேப்பி டே’ என்று தட்டிப் பாருங்கள். பள்ளிக்கூடக் குழந்தைகள் பாடியது, கல்யாணத்தில் பாடியது, 1993-ல் வந்த ‘சிஸ்டர் ஆக்ட் 2’ படத்தில் மாணவர்கள் பாடியது என்று வரிசைகட்டி வந்து நிற்கும். நல்ல ஒலித்தரம், பளிச்சென்ற குரல்கள். இவை எல்லாவற்றுக்கும் தாயான பதிவு அந்தக் கூட்டத்தில் எங்கோ கிடக்கும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் ஒரு தேவாலயத்துக்குள் 1960-களின் கடைசியில் பதிவானது அது. கொஞ்சம் கரகரப்பு உண்டு. ஐந்து நிமிடத்தை ஒட்டி ஓடும்.

அதைக் கண்டுபிடித்துப் போட்டாலும் முதல் தடவை கேட்பவர்களில் பலர் ஒரு நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள். “ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்களே, இதில் என்ன இருக்கிறது?” என்று தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. நம் காது பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மெட்டின் வளைவுகளைத் தேடிப் போகும் காது. இந்த வகைப் பாட்டில் சரக்கு மெட்டில் இல்லை. யார் கூப்பிடுகிறார், யார் பதில் சொல்கிறார்கள், அந்தப் பதில் எங்கே தடிக்கிறது, எங்கே சட்டென்று அடங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பின்பாட்டுக்காரர்கள் “ஆமா” போடுவார்களே, அந்த “ஆமா”வே பாட்டின் பாதி என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

காஸ்பெல், சோல்: கோடு எங்கே?

காஸ்பெல் என்பது அமெரிக்கக் கறுப்பினக் கிறிஸ்தவர்களின் தேவாலய இசை. இங்கிலாந்திலிருந்து வந்த ஞானப்பாட்டுகளும் அடிமைக் காலத்துப் பக்திப் பாடல்களும் அதன் அடித்தளம். இருபதாம் நூற்றாண்டில் அதில் ப்ளூஸ் என்ற கறுப்பினத்தவரின் லௌகீகப் பாட்டு வகை கலந்தபோதுதான் இன்று நாம் காஸ்பெல் என்கிற உருவம் வந்தது. கலந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சிகாகோவின் தாமஸ் ஏ. டார்சி (1899–1993). ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் இரட்டை அர்த்த ப்ளூஸ் பாட்டுகளுக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர். 1932-ல் பிரசவத்தில் அவர் மனைவி இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் பிறந்தது ‘டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்’. ப்ளூஸ்காரரின் பியானோ கோயிலுக்குள் வருவதைச் சபைப் பெரியவர்கள் பலர் ஆரம்பத்தில் ரசிக்கவில்லை.

சோல் இதன் எதிர்த்திசைப் பயணம். தேவாலயத்தில் பழகிய குரலை வெளியே எடுத்துப்போய்க் காதலுக்குப் பாடினார்கள். ரே சார்ல்ஸ் 1954-ல் பதிவு செய்த ‘ஐ காட் எ வுமன்’, சதர்ன் டோன்ஸ் குழுவின் ‘இட் மஸ்ட் பி ஜீசஸ்’ என்ற காஸ்பெல் பாட்டின் மேல் கட்டியது. இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். சோல் ஸ்டிரரர்ஸ் என்ற காஸ்பெல் குழுவின் நட்சத்திரமாக இருந்த சாம் குக், லௌகீகப் பாட்டு பாடிய முதல் தடவை சபையாரின் கோபத்துக்குப் பயந்து ‘டேல் குக்’ என்று பெயரை மாற்றிப் போட்டார். குரலை மாற்ற முடியாதே, கேட்டவர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். 1957-ல் சொந்தப் பெயரிலேயே ‘யூ செண்ட் மீ’ பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார்.

காஸ்பெல் சோல் என்று நாம் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. வார்த்தை ஆண்டவருக்கு, தாளம் தெருவுக்கு.

மூன்று கைகள் தொட்ட பாட்டு

இந்த வகைப் பாட்டுக்கு “யார் எழுதியது?” என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயர் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். ‘ஓ ஹேப்பி டே’க்கு இணையத்தில் பெரும்பாலும் ஃபிலிப் டாட்ரிட்ஜ் என்ற பெயர் வரும். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் போதகராக இருந்தவர், 1751-ல் காலமானார். அவருடைய ஞானப்பாட்டு 1755-ல் அச்சாகியது. நாலு வரி, வரிக்கு எட்டு அசை. மீட்பரைத் தேர்ந்துகொண்ட நாள் எவ்வளவு இன்பமான நாள் என்று தொடங்கும்.

அந்த நாலு வரிச் சரணம் எதுவும் நாம் கேட்கும் பாட்டில் கிடையாது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அந்த ஞானப்பாட்டோடு ஒரு பல்லவி ஒட்டிக்கொண்டது. இயேசு என் பாவங்களைக் கழுவிய இன்ப நாள், விழித்திருந்து ஜெபிக்கவும் தினமும் மகிழ்ந்து வாழவும் அவர் கற்றுத்தந்தார் என்பது அதன் சாரம். அதற்கான மெட்டை எட்வர்ட் ரிம்போ என்ற ஆங்கிலேய இசைக்காரரின் கணக்கில் எழுதுவார்கள். (அமெரிக்க மதுவிலக்குக் காலத்துக் குடிகாரப் பாட்டான ‘ஹவ் டிரை ஐ ஆம்’ இந்தப் பல்லவி மெட்டில்தான் தள்ளாடுகிறது. பக்திப் பாட்டுக்குக் கால் முளைத்தால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.)

மூன்றாவது கை எட்வின் ஹாக்கின்ஸ் (1943–2018). கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்த பியானோக்காரர். அவர் செய்தது இது: டாட்ரிட்ஜின் சரணங்களை எடுத்து எறிந்தார். பின்னால் ஒட்டிய பல்லவியை மட்டும் வைத்துக்கொண்டார். ரிம்போவின் மெட்டையும் விட்டுவிட்டுப் புது மெட்டு போட்டார். “விழித்திரு, ஜெபி” என்று இருந்த இடத்தில் நடுவே “போராடு” என்ற ஒற்றைச் சொல் சேர்ந்தது: விழித்திரு, போராடு, ஜெபி. 1960-களின் அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்கள் வாயில் அந்தச் சொல் என்ன கனம் கனத்திருக்கும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு அந்த வரியைக் கேளுங்கள். ஆக, டாட்ரிட்ஜின் சொந்தச் சரக்காக மிஞ்சியது தலைப்பிலிருக்கும் மூன்று சொற்கள் மட்டுமே.

பதிவான விதம்

ஹாக்கின்ஸும் பெட்டி வாட்சன் என்பவரும் 1967-ல் வட கலிஃபோர்னியாவில் ஒரு இளைஞர் பாடகர் குழுவைச் சேர்த்தார்கள். சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட் என்ற பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த பிள்ளைகள், ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கை. இந்தச் சபை என்பது முக்கியம். பல பழைய சபைகள் ஆர்கனோடு நிறுத்திக்கொண்ட காலத்திலேயே பெந்தெகொஸ்தே சபைகளில் டிரம்ஸும் டாம்பரினும் ஆராதனையின் பாகமாக இருந்தன. அதனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தாளம் வெளியிலிருந்து கற்றுக்கொண்ட விஷயம் அல்ல, ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம்.

குழு ஊர்ப் பயணச் செலவுக்குப் பணம் சேர்க்க ஒரு எல்.பி. (பல பாட்டுகள் அடங்கிய பெரிய இசைத்தட்டு) போட நினைத்தது. பெர்க்லியிலுள்ள இஃபீசியன் சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட் ஆலயத்திலேயே இரண்டு டிராக் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்தார்கள். ஸ்டுடியோவில் குரலுக்கு ஒரு மைக், டிரம்ஸுக்கு நாலு மைக் என்று தனித்தனியாகப் பிடித்துப் பிறகு கலக்குவார்கள். இரண்டு டிராக்கில் அது நடக்காது. பாடும்போது என்ன கலவையோ அதுதான் கடைசிவரை. குழு ஓங்கும்போது ஒலி கொஞ்சம் பிதுங்கி நெரிவதும், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும் அதனால்தான். கோளாறு என்று நினைத்துப் பாட்டை மாற்றிவிடாதீர்கள், நீங்கள் கேட்பது அந்தக் கட்டடத்தின் ஒலி.

உள்ளூரில் விற்கப் போட்ட அந்தத் தட்டை சான் ஃபிரான்சிஸ்கோ பகுதி வானொலி எடுத்து ஒலிபரப்பியது. புத்தா ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அதை வாங்கி பெவிலியன் என்ற லேபிளில் ‘எட்வின் ஹாக்கின்ஸ் சிங்கர்ஸ்’ என்ற புதுப் பெயரில் வெளியிட்டது. 1969-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் நாலாம் இடம், பிரிட்டனில் இரண்டாம் இடம். அடுத்த வருடம் கிராமி விருது. சபையில் எல்லாருக்கும் இது இனிக்கவில்லை. ஆண்டவர் பேரைச் சொல்லும் பாட்டு நடன விடுதிகளில் ஒலிப்பதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

இனி காது வேலை

முதல் தடவை ஒன்றும் செய்யாமல் முழுதாகக் கேளுங்கள். முழுதாக என்பதில் சமரசம் வேண்டாம். நாம் கேட்டுப் பழகிய மூன்று நிமிடப் பாட்டுகள் கையிலிருப்பதை முதல் நாற்பது நொடியில் காட்டிவிடும். காஸ்பெல் எதிர்மாறு, நல்லதைக் கடைசியில் வைக்கும். அந்தக் காலத்து 45 சுற்று இசைத்தட்டில் நீளமான பாட்டு அடங்காமல் ‘பாகம் 1’, ‘பாகம் 2’ என்று இரண்டு பக்கமாக உடைத்துப் போடுவதும் உண்டு. அப்படி உடைத்த பாட்டுகளில் முதல் பாகத்தை மட்டும் கேட்டால் சமையல் வாசனையோடு எழுந்து போனமாதிரி.

இரண்டாவது தடவை கைதட்டுங்கள். இங்கேதான் தமிழ்க் காதுக்கு முதல் சோதனை. பஜனையானாலும் ஆதி தாளமானாலும் நமக்குக் கை விழுவது சமத்தில், அதாவது ஒன்றாம் எண்ணில். காஸ்பெலில் கை விழுவது இரண்டிலும் நான்கிலும். ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் பாட்டு அணிவகுப்பு நடைபோல விறைத்துப்போகும். நேரடியாகக் கையால் ஆரம்பிக்காதீர்கள், காலால் ஆரம்பியுங்கள். எழுந்து நின்று, ஒன்று என்னும்போது வலது காலை வலப்பக்கம் வையுங்கள், மூன்று என்னும்போது இடது காலை இடப்பக்கம் வையுங்கள். எட்டுத் தடவை கால் மட்டும். உடம்பு ஊசலாட ஆரம்பித்த பிறகு இரண்டிலும் நான்கிலும் கையைச் சேருங்கள். காஸ்பெல் கொயர்கள், அதாவது பாடகர் குழுக்கள், அசைந்தாடிப் பாடுவது அழகுக்காக மட்டும் இல்லை, ஐம்பது பேருக்கும் காலே தாளம் காட்டும் மெட்ரனோம்.

வழக்கமாக எங்கே தப்பும் என்றால், தலைப்பாடகர் ஒரு சொல்லை இழுத்து அடுத்த தட்டுக்குத் தாமதமாக வரும் இடத்தில். உங்கள் கை அவர் குரலைப் பின்தொடர்ந்து போய் ஒன்றில் விழுந்துவிடும். குரலைக் கவனிப்பதை விட்டு டிரம்ஸில் ‘டக்’ என்று வெட்டும் ஸ்னேர் ஒலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான காஸ்பெல் பதிவுகளில் அது இரண்டிலும் நான்கிலும்தான் விழும்.

மூன்றாவது தடவை அடியில் ஓடும் பியானோவையும் பேஸ் கிட்டாரையும் மட்டும் கேளுங்கள். ஆரம்ப வரிகள் இரண்டே கார்டுகளுக்கு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கொத்து) நடுவில் ஊசலாடுகின்றன. ஒன்று ஸ-வில் நிற்பது: ஸ, க, ப. இன்னொன்று ம-வில் நிற்பது: ம, த, மேல் ஸ. இரண்டிலும் ஸ பொது. அதனால் பாடகி ஒரே சுரத்தில் நின்றாலும் காலுக்குக் கீழே தரை மாறிக்கொண்டிருக்கும். தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு இந்த அசைவு நன்றாகத் தெரியும்: ஞானப்பாட்டு முடிந்ததும் நீட்டிப் பாடுகிற “ஆ…மென்”, ம-விலிருந்து ஸ-வுக்கு இறங்குவதுதானே. சாதாரணப் பாட்டில் கடைசியில் ஒரு தடவை வரும் ஆமெனை ஹாக்கின்ஸ் தொட்டிலாக்கிப் பாட்டு முழுக்க ஆட்டிவிட்டார்.

வீட்டில் கீபோர்டு இருந்தால் ஐந்து நிமிடம் போதும். இடது கையில் ஸ, பிறகு ம. வலது கையில் மேலே சொன்ன கார்டுகள். ஒவ்வொன்றையும் நாலு எண்ணிக்கைக்குப் பிடித்து மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டே தலைப்பை முணுமுணுத்துப் பாருங்கள். பாட்டின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும்.

நாலாவது தடவை கொயரை. மேற்கத்திய ஞானப்பாட்டுகள் நாலு குரலில் இருக்கும்: சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ். காஸ்பெல் கொயர் பெரும்பாலும் மூன்றே குரல்: சொப்ரானோ, ஆல்டோ, டெனர். கட்டைக்குரல் ஆண்களும் டெனரோடு சேர்ந்துகொள்வார்கள். அடிச்சுரத்தை பேஸ் கிட்டாரும் பியானோக்காரரின் இடது கையும் பார்த்துக்கொள்கின்றன. மூன்று குரலும் நெருக்கமாக, ஒரே கார்டுக்குள் அடுக்கி நிற்பதால்தான் ஐம்பது பேர் பாடினாலும் குழையாமல் ஒரு செங்கல் சுவர்போல வந்து மோதுகிறது.

இப்போது கேள்வியும் பதிலும். தலைப்பாடகி டாரத்தி கோம்ஸ் மாரிசன் ஒரு வரி சொல்கிறார், குழு அதை அப்படியே திருப்பித் தருகிறது. கொஞ்ச நேரம் எதிரொலி மாதிரி இருக்கும். “கழுவினார்” என்ற இடத்துக்கு வரும்போது கவனியுங்கள். அவர் ஒவ்வொரு தடவையும் சொல்லை லேசாக மாற்றிப் போடுகிறார், முனகலையும் சேர்க்கிறார். குழு மாற்றாமல் அதே சொல்லை அதே இடத்தில் வைக்கிறது. ஆடுவது ஒருத்தர், கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ஐம்பது பேர். அவர் வாக்கியத்தை முடிக்கும் நொடியில் குழு அடுத்த சுற்றின் தலைப்பை எடுத்துவிடுகிறது. முற்றுப்புள்ளி மேலேயே அடுத்த வாக்கியம் ஏறி நிற்பதால் பாட்டு ஓய இடமே கிடைப்பதில்லை.

ஐந்தாவது தடவை மாரிசனின் குரல் மட்டும். பெண்குரல் என்றதும் உச்சஸ்தாயியை எதிர்பார்த்தால் ஏமாற்றம். தாழ்ந்த, நெஞ்சிலிருந்து வரும் குரலில், கிட்டத்தட்டப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறமாதிரி ஆரம்பிக்கிறார். கரகரப்பு பிறகுதான் ஏறுகிறது, அதுவும் சொட்டுச் சொட்டாக.

காஸ்பெல் பாடகர்கள் ஒரு அசையை உருட்டி இறக்குவதை ‘ரன்’ என்பார்கள். நம் ஊர்ப் பிர்காவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். பெரும்பாலான ரன்கள் ஐந்து சுர வரிசையில் நகரும். ஸ ரி க ப த என்று வந்தால் மோகனத்தின் சுரங்கள், சோகமான இடங்களில் வருவது சுத்த தன்யாசியின் சுரங்கள். ஆனால் ராகமாகக் கேட்கப் போனால் இடறுவீர்கள், ஏனென்றால் ‘ப்ளூ நோட்’ என்கிற ஒன்று குறுக்கே வரும். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில், கீபோர்டில் கட்டையே இல்லாத ஒரு இடம் அது. பாடகர் அங்கே நின்றால் சுருதி விலகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே நிற்கிறார்.

அந்த இறக்கம்

எனக்கு ஒரே ஒரு இடத்தைக் காட்ட அனுமதி என்றால் இதைத்தான் காட்டுவேன். அடங்கிய குரலில் தலைப்பு வரிகள் போய்க்கொண்டே இருக்கும். “அவர் கற்றுத்தந்தார்” என்ற பகுதி வந்ததும் கொயர் மொத்தமும் எழும்பும், கார்டுகள் ஊசலை விட்டு நகரும், டிரம்ஸ் தடிக்கும். உச்சத்துக்குப் போய்விட்டோம், இனி இப்படியே முடித்துவிடுவார்கள் என்று நினைக்கும்போது பாட்டு மறுபடி ஆரம்பத்து அடக்கத்துக்கு இறங்குகிறது. பிறகு மறுபடி ஏறுகிறது.

இந்த இறக்கம் இல்லாவிட்டால் பாட்டே இல்லை. முதலிலேயே முழுத் தொண்டையில் ஆரம்பித்தால் மேலே ஏறப் படியே இருக்காது, ஐந்து நிமிடமும் ஒரே சத்தம்தான். இந்தப் பாட்டை எடுத்துப் பாடிய பல குழுக்களின் பதிவுகள் சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம், குரல்வளக் குறைவு இல்லை. உங்கள் சபையிலோ கல்லூரியிலோ பாடப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் குழுவின் சத்தம் பேச்சுக்குரலுக்கு மேல் போகக் கூடாது. பதில் வரியின் கடைசிச் சொல்லை நீட்டாமல் எல்லாரும் ஒரே தட்டில் வெட்டி நிறுத்த வேண்டும். நீட்டினால் தலைப்பாடகரின் அடுத்த வரி அதற்குள் மூழ்கிவிடும், அவர் பதிலுக்குக் கத்துவார், அவர் கத்தினால் குழுவும் கத்தும்.

எதில் கேட்பது

போன் ஸ்பீக்கரில் இந்தப் பாட்டைக் கேட்பது பாதிப் பாட்டைக் கேட்பது. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, போனின் ஸ்பீக்கர் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தரவே தராது. விலை மலிவான வயர் ஹெட்போனே போதும். ‘பேஸ் பூஸ்ட்’ போடாதீர்கள். பழைய பதிவில் அடிச்சுரமும் அறையின் முழக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும், இரண்டும் சேர்ந்து வீங்கிக் குரலை மறைத்துவிடும்.

அந்தக் காலத்து ஸ்டீரியோ பதிவுகள் சிலவற்றில் வாத்தியம் எல்லாம் ஒரு காதில், குரல் எல்லாம் மறு காதில் வரும். ஹெட்போனில் இது தலைவலி. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அணுகல்தன்மை அமைப்புகளில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டும் கலந்து நடுவில் வந்துவிடும். அதே பிரிவினையை உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: ஒரு காதைக் கழற்றிவிட்டால் பின்னணி மட்டும் தனியாகக் கேட்கும்.

பெயர் தெரியாத பாட்டைத் தேடுவது

எங்கோ படத்தில் அல்லது ரீல்ஸில் காதில் விழுந்த பழைய பாட்டு என்றால் ஷாஸாம் என்ற செயலி உதவும், அது அடையாளம் காண்பது அந்தக் குறிப்பிட்ட பதிவை. பாட்டு ஒலித்து முடிந்துவிட்டது, மெட்டு மட்டும் நினைவில் இருக்கிறது என்றால் கூகுளில் முனகித் தேடலாம். முனகும்போது தலைப்பாடகரின் வரியை முனகாதீர்கள். அவர் மெட்டைவிட்டு எங்கெங்கோ அலைந்துகொண்டிருப்பார், இயந்திரத்துக்கு அது பிடிபடாது. கொயர் பாடும் பகுதியை முனகுங்கள், அது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும்.

தலைப்பு கிடைத்த பிறகுதான் சிக்கல். ஒரே ஞானப்பாட்டுக்கு நூறு பதிவுகள் இருக்கும். ஸ்ட்ரீமிங் தளங்களில் இன்னொரு பொறி: அதே கலைஞர் பல வருடம் கழித்து வேறு கம்பெனிக்காக மறுபடி பாடிய பதிவை, ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்ற பெயரில் பழைய அட்டைப்படத்தோடு போட்டிருப்பார்கள். டிரம்ஸ் ரொம்பச் சுத்தமாக, ஆரம்பத்தில் சின்தசைஸர் மின்னினால் உஷாராகுங்கள். தலைப்பில் ‘ரீ-ரெக்கார்டட்’ என்று சின்னதாக எழுதியிருக்கும், ‘ரீமாஸ்டர்ட்’ என்பதோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரீமாஸ்டர் என்றால் பழைய டேப்பையே துடைத்துத் தருவது, அது நமக்கு வேண்டியதுதான்.

உறுதி செய்ய, இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் முதல் வெளியீட்டைத் தேடி மூன்று விஷயத்தை ஒப்பிடுங்கள்: லேபிள், வருடம், பாட்டின் நீளம். நீளம் அரை நிமிடத்துக்குமேல் வித்தியாசப்பட்டால் அது வேறு பதிவு, அல்லது வெட்டியது. எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் ‘டிராட்’ அல்லது ‘பி.டி.’ என்று போட்டிருந்தால் மூலம் பழைய பாட்டு, காப்புரிமை முடிந்தது என்று அர்த்தம். அப்போது முதல் வரியை ஹிம்னரி தளத்தில் போட்டால் மூல ஞானப்பாட்டின் முழு வரிகளும் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடியவர்கள் எதைத் தள்ளினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று பார்ப்பதில்தான் பாதி ருசி. அந்தப் “போராடு” அப்படித்தான் கண்ணில் படும்.

அடுத்து

இந்தப் பாட்டின் வழித்தோன்றல் ஒன்று இந்தியா வரைக்கும் வருகிறது. பீட்டில்ஸ் குழுவிலிருந்த ஜார்ஜ் ஹாரிசனின் ‘மை ஸ்வீட் லார்ட்’ 1970-ல் வந்தது. ‘ஓ ஹேப்பி டே’ தந்த உந்துதலில்தான் அதை எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஹாரிசனின் பதிவுக்கு முன்பே பில்லி பிரெஸ்டன் பாடி வெளிவந்த பதிவில் பின்னணி பாடியது எட்வின் ஹாக்கின்ஸ் சிங்கர்ஸேதான். ஹாரிசனின் பதிவில் கொயர் முதலில் “அல்லேலூயா” என்று பதில் சொல்லிக்கொண்டே வந்து, கேட்பவர் அசந்த நேரத்தில் “ஹரே கிருஷ்ணா”வுக்கு மாறி, “குருர் பிரம்மா, குருர் விஷ்ணு” சுலோகத்தையும் தொட்டுவிடும். அழைப்பும் பதிலும் எந்தச் சாமிக்கும் பொருந்துகிற சட்டை என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். (மெட்டு வேறொரு பாட்டை அறியாமலேயே நகல் செய்தது என்று 1976-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பாட்டு ‘ஓ ஹேப்பி டே’ அல்ல, ஷிஃபான்ஸ் குழுவின் ‘ஹீ’ஸ் சோ ஃபைன்’.)

மெதுவான பாட்டு ஒன்று வேண்டுமென்றால் சாம் குக் 1964-ல் பதிவு செய்த ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’. இதில் தாளம் வேறு. ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும், ஆக நாலு தட்டுக்குப் பன்னிரண்டு. தகதிமி போட்டால் பொருந்தாது. “தகிட தகிட தகிட தகிட” என்று சொல்லிக்கொண்டே கேளுங்கள், இரண்டாவது, நாலாவது தகிடவின் ‘த’வில் கை. மெதுவான காஸ்பெல் பாட்டுகளில் பெரும்பங்கு இந்த நடையில்தான் போகும்.

அதற்கு அடுத்தபடி ஸ்டேபிள் சிங்கர்ஸின் ‘ஐ’ல் டேக் யூ தேர்’, 1972. அப்பா ‘பாப்ஸ்’ ஸ்டேபிள்ஸும் மகள்களும் சேர்ந்த குடும்பக் குழு. பாட்டு முழுக்க இரண்டே கார்டுகள், அதே ஸ, அதே ம. ஆரம்பத்தில் வரும் பேஸ் வரி ஹாரி ஜே ஆல்ஸ்டார்ஸ் என்ற ஜமைக்காக் குழுவின் ‘லிக்விடேட்டர்’ பாட்டிலிருந்து எடுத்தது. மெட்டு என்று சொல்ல அநேகமாக ஒன்றுமே இல்லை. மேவிஸ் ஸ்டேபிள்ஸ் கூப்பிடுவதும் மற்றவர்கள் பதில் சொல்வதும்தான் பாட்டு. நடுவில் அவர் வாத்தியக்காரர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பார். ‘டேவி’ என்றதும் பேஸ் கிட்டார் முன்னே வரும், அது மசில் ஷோல்ஸ் ஸ்டுடியோவின் டேவிட் ஹுட். ‘டாடி, டாடி’ என்று கூப்பிட்டதும் கிட்டார் பதில் சொல்லும். கேட்பவர்கள் எல்லாரும் அது அப்பாதான் என்று நினைத்துக்கொள்வார்கள். வாசித்தவர் எடி ஹிண்டன் என்ற ஸ்டுடியோக் கிட்டார்க்காரர்.